விமானப் பாதுகாப்புத் தணிக்கையாளர் வேலை: சிங்கப்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாங்கியில் பயணிகளையும் பைகளையும் சோதிக்கும் ஸ்கிரீனராகவோ துணைப் போலிஸாகவோ இருப்பவர்கள், சரக்குக் கிடங்கிலோ விமான நிறுவன அலுவலகத்திலோ வேலை பார்ப்பவர்கள் எனத் தமிழர்கள் பலர் ஒரு கட்டத்தில் கேட்பது இதுதான்: தணிக்கைப் பக்கம் போக என்ன வழி? அவர்களுக்காகவும், படிப்பை முடித்துவிட்டு இந்தத் துறையை எட்டிப் பார்ப்பவர்களுக்காகவும் இந்தப் பதில்கள்.

தணிக்கையாளர் என்றால் ஸ்கிரீனர்களைச் சோதிப்பவர்தானே?

அது இந்த வேலையில் ஒரு துண்டு மட்டுமே. முதலில் ஒரு சொல்லைப் பிரித்துக்கொள்வோம். சேஃப்டி, செக்யூரிட்டி இரண்டையும் தமிழில் பாதுகாப்பு என்றே சொல்லிவிடுகிறோம். என்ஜின் கோளாறு, பறவை மோதல், ஓடுபாதையில் சறுக்கல் எல்லாம் சேஃப்டி. விமானக் கடத்தல், வெடிகுண்டு, அடுத்தவர் அட்டையோடு உள்ளே நுழைவது, ஊழியரே உடந்தையாவது எல்லாம் செக்யூரிட்டி. துறைக்குள் இதை ஏவ்செக் என்பார்கள். இங்கே பேசுவது ஏவ்செக் பற்றி மட்டும்.

ஏவ்செக்கில் தரத்தைப் பார்க்கும் வேலை நான்கு வகை. ஒரு நாட்டின் அல்லது நிறுவனத்தின் பாதுகாப்புத் திட்டம் முழுவதையும் ஆழமாக எடுத்துப் பார்ப்பது தணிக்கை. அதில் ஒரு பகுதி, உதாரணமாகக் கைப்பைச் சோதனை, விதிப்படி நடக்கிறதா என்று பார்ப்பது ஆய்வு. தாக்குதல் முயற்சி ஒன்றைப் போலச் செய்து காட்டி, ஏற்பாடு அதைப் பிடிக்கிறதா என்று பார்ப்பது சோதனை. எங்கே என்ன பலவீனம், இன்னும் என்ன தேவை என்று கணிப்பது மதிப்பாய்வு. வேலை விளம்பரத்தில் இந்த நான்கில் எது எழுதியிருக்கிறது என்று கவனியுங்கள். 'ஆய்வாளர்' பதவிக்குப் போய்விட்டு முழுத் தணிக்கை கிடைக்கவில்லையே என்று வருந்துபவர்கள் உண்டு.

எந்த விதிகளை வைத்து மதிப்பிடுகிறார்கள்?

மேலிருந்து கீழாக ஓர் அடுக்கு இருக்கிறது. உச்சியில் 1944ஆம் ஆண்டின் சிகாகோ ஒப்பந்தம். அதன் 17ஆம் இணைப்பு விமானப் பாதுகாப்புக்கானது. அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகேயோ அதை 1974 மார்ச்சில் ஏற்றது. விமானக் கடத்தல் அடிக்கடி நடந்த காலம் அது. ஒவ்வொரு நாடும் தேசியப் பாதுகாப்புத் திட்டம், தேசியப் பயிற்சித் திட்டம், தேசியத் தரக்கட்டுப்பாட்டுத் திட்டம் ஆகிய மூன்றையும் எழுதி வைத்திருக்க வேண்டும் என்று இந்த இணைப்பு கேட்கிறது. அதற்குக் கீழே விமான நிலையத்தின் திட்டமும் விமான நிறுவனத்தின் திட்டமும் வரும். எல்லாவற்றுக்கும் அடியில், சோதனை மேசையில் நிற்பவரின் கையிலிருக்கும் எஸ்ஓபி, அதாவது செயல்முறைக் கையேடு.

பெரும்பாலான குறைகள் இந்த அடுக்குகளின் இடுக்கில்தான் கிடக்கின்றன. தேசியத் திட்டம் திருத்தப்பட்டிருக்கும். எஸ்ஓபி பழையதாகவே இருக்கும். எஸ்ஓபி புதிதாக இருக்கும். காலை ஷிஃப்டுக்கு மட்டும் அது விளக்கப்பட்டிருக்கும். தணிக்கையாளர் ஒரே தேவையை மேலிருந்து கீழ்வரை விரலால் தொட்டுக்கொண்டே வந்து, எந்தப் படியில் அறுந்தது என்று காட்டத் தெரிந்தவர்.

இந்த விதிகள் பலவற்றுக்குப் பின்னால் ஒரு துயரமோ சதியோ இருக்கிறது. 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியா 182 வானிலேயே வெடித்துச் சிதறியதில் 329 பேர் இறந்தார்கள். குண்டு இருந்த பெட்டி விமானத்தில் ஏறியது. அதைக் கொடுத்தவர் ஏறவில்லை. பயணியையும் பெட்டியையும் பொருத்திப் பார்க்கும் விதி ஏன் இவ்வளவு கறாரானது என்பதற்கு அதுவே விடை. 2006 ஆகஸ்டில் லண்டனில் திரவ வெடிபொருள் சதி அம்பலமான பிறகு வந்தவை 100 மில்லிலிட்டர் வரம்பும் ஒரு லிட்டர் பையும். சிங்கப்பூரில் அவை 2007 மே 8 முதல் நடப்புக்கு வந்தன. விதியின் எண்ணை மனப்பாடம் செய்தவர் அதை எளிதில் விட்டுக்கொடுத்துவிடுவார். அதன் காரணம் தெரிந்தவர் விடமாட்டார்.

சிங்கப்பூரில் இந்த வேலை யாரிடம் இருக்கிறது?

பலரும் அரசு வேலையை மட்டுமே நினைக்கிறார்கள். போக்குவரத்து அமைச்சு, சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம், காவல்துறையின் விமான நிலையப் பிரிவு ஆகியவை ஒழுங்குபடுத்தும் தரப்பு. அங்கே இடங்கள் குறைவு.

கூடுதல் வாய்ப்பு நிறுவனங்களின் உள் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறது. விமான நிலையத்தை நடத்தும் சாங்கி ஏர்போர்ட் குரூப், விமான நிறுவனங்கள், தரைச் சேவை நிறுவனங்கள், செர்டிஸ், ஏட்டோஸ், சாட்ஸ் செக்யூரிட்டி போன்ற துணைப் போலிஸ் அமைப்புகள், சரக்கு முகவர்கள் என ஒவ்வொருவரும் தங்கள் வேலையைத் தாங்களே சோதித்துக்கொண்டாக வேண்டும். சிறிய சரக்கு நிறுவனத்தில் பாதுகாப்பு, தரம், பயிற்சி மூன்றும் ஒரே ஆள் தலையில் விழும். சுமைதான். ஆனால் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது.

மூன்றாவதாக, சுயேச்சை மதிப்பீட்டாளர்கள். வெளிநாட்டு விமான நிலையங்களிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் நிறுவனங்களுக்கு ஏசிசி3 என்ற தகுதி தேவைப்படுகிறது. 2014 ஜூலை முதல் அதற்கு நேரடி மதிப்பீடும் வேண்டும். அது அதிகபட்சம் மூன்று ஆண்டுகளுக்குத்தான் செல்லும். ஐரோப்பிய உறுப்பு நாடு ஒன்று அங்கீகரித்த மதிப்பீட்டாளர்கள் ஊர் ஊராகப் போய் இதைச் செய்கிறார்கள். நன்கு அனுபவப்பட்டவர்களுக்கான வழி இது. தொடக்கத்திலேயே கனவு காண வேண்டியதில்லை.

நான்காவது ஐகேயோவின் சொந்தத் தணிக்கை. 2002 நவம்பரில் தொடங்கிய அந்தத் திட்டம், 2015 முதல் தொடர் கண்காணிப்பு முறையில் நடக்கிறது. அதற்கான தணிக்கையாளர்களை நாடுகள் முன்மொழிகின்றன. ஐகேயோ பயிற்சியளித்துச் சான்றளிக்கிறது. தனி ஆளாக விண்ணப்பம் போட்டுச் சேரும் இடம் அன்று.

பட்டம் கட்டாயமா? தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படித்தவருக்கு வாய்ப்பு உண்டா?

உண்டு. ஒழுங்குபடுத்தும் தரப்பு பெரும்பாலும் டிப்ளோமாவோ பட்டமோ கேட்கும். நிறுவனங்களில் தள அனுபவத்துக்கு நல்ல மதிப்பு இருக்கிறது. எக்ஸ்ரே படத்தைப் பத்தாயிரம் முறை பார்த்த கண்ணைப் பட்டத்தால் ஈடுகட்ட முடியாது. ஆனால் எழுத்தில் பின்தங்கினால் அந்தக் கண் இருந்தும் பலனில்லை, ஏனென்றால் தணிக்கையாளர் கடைசியில் ஒப்படைப்பது ஓர் அறிக்கை. படிப்புக்குச் செலவிட நேரமும் பணமும் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால், ஆங்கிலத்தில் அறிக்கை எழுதும் பயிற்சியில் போடுங்கள்.

ஸ்கிரீனராக மூன்று வருடம் ஆகிறது. அடுத்த அடி என்ன?

ஒரே மேசையில் ஐந்து வருடம் நிற்பதைவிட ஐந்து வகை வேலையில் ஒவ்வொரு வருடம் நிற்பது மேல். கைப்பை, பதிவு செய்த பெட்டி, ஊழியர் நுழைவாயில், சரக்கு, விமானத்துக்குள் தேடுதல் என்று இடமாற்றம் கேட்டு வாங்குங்கள். ஊழியர் நுழைவாயிலைப் பலர் தண்டனை இடமாக நினைக்கிறார்கள். உண்மையில் உள்ளே வேலை செய்பவராலேயே வரும் ஆபத்தைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல பள்ளி இல்லை.

அடுத்து, மேற்பார்வையாளர் பொறுப்பு. அங்கேதான் ரோஸ்டர் எனும் பணி அட்டவணை, பயிற்சிப் பதிவு, இயந்திரச் சோதனைப் பதிவு எல்லாம் கைக்கு வரும். பிறகு ஒரு தணிக்கையாளர் தளத்துக்கு வரும்போது, கூடப் போய் ஆவணம் எடுத்துக் கொடுக்கும் வேலைக்குக் கைதூக்குங்கள். அவர் எந்தக் கோப்பை முதலில் கேட்கிறார், எந்தப் பதிலுக்குப் பிறகு பேச்சை நிறுத்திவிட்டு எழுதுகிறார் என்று பார்த்தாலே பாதி தொழில் புரிந்துவிடும்.

அதன்பின் உங்கள் நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டுக் குழு. முதல் ஓராண்டு மூத்தவரோடு துணைக்குப் போவது, பிறகு அவர் பார்க்க நீங்கள் நடத்துவது, பிறகு தனியாக. இந்த வரிசையைக் குறுக்காதீர்கள்.

எந்தப் பயிற்சிகள் பயன்படும்?

இரண்டு தனித்தனித் திறன்கள் தேவை: ஏவ்செக் அறிவு ஒன்று, தணிக்கை முறை இன்னொன்று. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வருபவர்கள் திணறுகிறார்கள்.

ஏவ்செக்குக்கு, ஐகேயோவின் தேசிய ஆய்வாளர் பயிற்சியும் பயிற்றுநர் பயிற்சியும் முக்கியமானவை. இங்கேயே ஏவியேஷன் டிரைவில் இருக்கும் சிங்கப்பூர் விமானப் போக்குவரத்துக் கழகம் 1958 முதல் பயிற்சி நடத்தி வருகிறது. பாதுகாப்புப் பாடங்களும் அங்கே உண்டு. விமான நிறுவனங்களின் அனைத்துலகச் சங்கமான அயாட்டாவும் பாதுகாப்புப் பாடங்கள் நடத்துகிறது. தணிக்கை முறைக்கு ஐஎஸ்ஓ 19011 என்ற வழிகாட்டியை அடிப்படையாகக் கொண்ட உள் தணிக்கையாளர் பயிற்சி போதும். எந்தத் துறைக்கும் பொதுவானது என்பதால் பல நிலையங்களில் கிடைக்கும்.

சிங்கப்பூரர்களுக்குப் பயிற்சிக்காக அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை 25 வயதிலிருந்து உண்டு. 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 2024 மே மாதம் சேர்க்கப்பட்ட 4,000 வெள்ளி குறிப்பிட்ட பாடங்களுக்கு மட்டுமே செல்லும். சேர்வதற்கு முன் அந்தப் பாடம் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அயாட்டா, ஐகேயோ பாடங்களைக் கைக்காசு போட்டுப் படிப்பதற்கு முன் நிறுவனம் அனுப்புமா என்று கேட்டுவிடுங்கள். சில பாடங்கள் நிறுவனமோ அரசோ பரிந்துரைத்தால்தான் சேர்த்துக்கொள்ளும்.

ஒரு தணிக்கை நடக்கும்போது தளத்தில் என்னதான் பார்க்கிறீர்கள்?

சாங்கிக்கே உரிய ஓர் உதாரணம். முனையம் 1, 2, 3இல் புறப்படுபவர்களும் வந்திறங்குபவர்களும் ஒரே இடைவழிப் பகுதியில் (டிரான்சிட்) கலந்து நடப்பார்கள். ஆகவே சோதனை ஒவ்வொரு கேட்டிலும் நடக்கிறது. 2017இல் திறந்த முனையம் 4இல் அது ஓரிடத்தில் மொத்தமாக நடக்கிறது. கேட்டில் சோதனை என்றால், சோதனை முடிந்தவர்கள் உட்காரும் கேட் ஹோல்ட் ரூம் ஒவ்வொரு விமானத்துக்கும் புதிதாகச் 'சுத்தமான' இடமாக்கப்பட வேண்டும்.

ஆகவே தணிக்கையாளர் சோதனை தொடங்கிய பிறகு வந்து நின்றால் பாதியைத் தவறவிட்டார். கதவு திறப்பதற்கு முன்பே வர வேண்டும். இருக்கைகளுக்கு அடியில் குனிந்து பார்க்கிறார்களா? குப்பைத் தொட்டியைத் திறக்கிறார்களா? தீயணைப்புக் கருவிப் பெட்டி, தூணுக்குப் பின்புறம், ஏரோபிரிட்ஜ் கதவின் பூட்டு எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கிறார்களா? தேடி முடித்தபின் முதல் பயணி வரும்வரை அந்த அறையை யார் காக்கிறார்? பதிவேட்டில் தேடிய நேரம் 21:40 என்று இருக்கிறது. அந்தக் குழு முந்தைய கேட்டில் வேலை முடித்தது 21:45 என்று அங்குள்ள பதிவேடு சொல்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் தெரியும். இப்படி இரண்டு ஏடுகளை மோதவிட்டுப் பார்ப்பது தணிக்கையாளரின் அன்றாடக் கைவேலை.

அடுத்து இயந்திரம். எக்ஸ்ரேயை வேலைக்கு விடுமுன் சோதனைப் பெட்டியை உள்ளே அனுப்பிப் பார்ப்பார்கள். மெல்லிய கம்பி தெரிகிறதா, தடித்த உலோகத்துக்குப் பின்னால் இருப்பது தெரிகிறதா, கரிமப் பொருள் ஆரஞ்சாகவும் உலோகம் நீலமாகவும் பிரிகிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே வழக்கமாகத் தவறுவது மூன்று. ஒரு வாரப் பதிவு முழுவதும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் எழுதப்பட்டிருக்கும். பழுது பார்த்து அல்லது இடம் மாற்றிய பின் மறுசோதனை நடந்திருக்காது. 'தேர்ச்சி' என்று குறித்திருப்பார்கள், ஆனால் எந்தக் கம்பியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் திரையில் காட்டத் தெரியாது. உலோகக் கண்டறி வாசலுக்கான சோதனைத் துண்டை உடலின் வெவ்வேறு உயரங்களில் வைத்து நடந்து பார்க்க வேண்டும். சட்டைப்பைச் சாவியோடு நடந்து, மணி அடித்ததும் தேர்ச்சி போட்டுவிட்டால் அது சோதனையே ஆகாது.

அடுத்து ஆள். எக்ஸ்ரே திரையை ஒருவர் எவ்வளவு நேரம் தொடர்ந்து பார்க்கிறார்? ஐரோப்பிய விதியில் 20 நிமிடம், பிறகு குறைந்தது 10 நிமிடம் திரையிலிருந்து விலகல். உங்கள் திட்டம் சொல்லும் எண் எதுவோ அதைக் கடிகாரத்தை வைத்து அளந்து பாருங்கள். ஐரோப்பா செல்லும் விமானங்கள் வரிசையாகப் புறப்படும் நள்ளிரவு நேரத்தில் அளக்கும் அளவே பேசும். மதியம் இரண்டு மணிக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும்.

சரக்குத் தணிக்கை கடினம் என்கிறார்களே?

பயணிச் சோதனை கண்ணெதிரே நடந்து முடிகிறது. சரக்கோ பல கை மாறி வருகிறது. அதனால்தான் கடினம், அதனால்தான் சுவாரசியமும். 2010 அக்டோபரில் ஏமனிலிருந்து அனுப்பப்பட்ட பிரிண்டர் மைப் பெட்டிகளுக்குள் வெடிபொருள் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு உலகமே சரக்குப் பக்கம் திரும்பிப் பார்த்தது. 2021 நடுவிலிருந்து, சரக்கு விமானங்களில் போவது உட்பட அனைத்துலக விமானச் சரக்கு முழுவதும் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது அங்கீகரிக்கப்பட்ட அனுப்புநரிடமிருந்து பாதுகாப்பான சங்கிலியில் வந்திருக்க வேண்டும் என்பது ஐகேயோவின் தேவை.

சிறந்த முறை, தலைகீழாகப் பின்தொடர்வது. இன்றிரவு புறப்படும் விமானத்தில் ஏற்றத் தயாராக இருக்கும், சரக்கு அடுக்கிய ஒரு பலகையைத் தேர்ந்தெடுங்கள். அதிலிருந்து ஒரே ஒரு சரக்கின் எண்ணை எடுங்கள். அதன் பாதுகாப்பு அறிவிப்புப் படிவத்தைக் கேளுங்கள். அதில் முகவர் அடையாளம், சரக்கு எண், உள்ளடக்கம், புறப்படும் இடம், சேருமிடம், பாதுகாப்பு நிலை, அந்த நிலை எதனால் தரப்பட்டது, கொடுத்தவர் பெயர், தேதி, நேரம் இருக்கும். பயணிகள் விமானத்துக்கு ஏற்றது என்றால் எஸ்பிஎக்ஸ் என்ற குறி. எக்ஸ்ரே செய்தால் எக்ஸ்ஆர்ஒய், வெடிபொருள் துகள் சோதனை என்றால் இடிடி, கையால் பிரித்துப் பார்த்திருந்தால் பிஎச்எஸ்.

இப்போது பின்னோக்கி நடங்கள். எக்ஸ்ரே செய்ததாக எழுதிய நேரத்தில் அந்த இயந்திரத்தில் வேலை பார்த்தவர் யார்? அவருடைய சான்றிதழ் அந்தத் தேதியில் செல்லுபடியானதா? அந்தப் பெட்டியின் அளவு அந்த இயந்திரத்தின் வாய்க்குள் போகுமா? ஊடுருவ முடியாத அடர்த்தியான உலோகப் பாகம் என்றால் எக்ஸ்ரே எப்படிப் போதுமானது? சோதித்த இடத்திலிருந்து இங்கே வந்த லாரியின் முத்திரை எண் எங்கே, ஓட்டுநரின் அடையாளத்தை யார் சரிபார்த்தார்? சோதித்த சரக்கும் சோதிக்காத சரக்கும் ஒரே வரிசையில் இரண்டு மணி நேரம் கிடந்ததா? ஒரே சரக்கை இப்படி முழுமையாகப் பின்தொடர்வது ஐம்பது படிவங்களில் கையெழுத்து இருக்கிறதா என்று புரட்டுவதைவிடப் பலமடங்கு மேல்.

ஸ்கிரீனருக்குச் சொல்லாமல் நடத்தும் மறைமுகச் சோதனையில் ஈடுபட ஆசை. சொந்தமாகச் செய்து பார்க்கலாமா?

கூடவே கூடாது. ஆர்வத்தில் சிலர் கேட்கும் கேள்வி இது. பதிலில் விதிவிலக்கே இல்லை. பயணம் செய்யும் நோக்கமில்லாமல் போர்டிங் பாஸ் காட்டி இடைவழிப் பகுதிக்குள் போவதே 2017ஆம் ஆண்டின் உள்கட்டமைப்புப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்: 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

முறையான சோதனைக்கு எழுத்துப்பூர்வ அனுமதி இருக்கும். யாருக்கு முன்கூட்டித் தெரியும் என்று சிறு பட்டியல் இருக்கும். காவல்துறையோடு ஒருங்கிணைப்பு இருக்கும். சோதனைப் பொருள் வெடிக்காத போலி. அதை எண்ணி வெளியே எடுப்பார்கள், எண்ணி உள்ளே வைப்பார்கள். சோதிப்பவர் அனுமதிக் கடிதத்தை உடலிலேயே வைத்திருப்பார். பிடிபட்ட கணமே தன்னை வெளிப்படுத்திக்கொள்வார், ஓடமாட்டார், வாதாடமாட்டார். பிடிபடாவிட்டால் அந்தப் பொருள் விமானத்தில் ஏறுவதற்கு முன் மீட்கப்பட வேண்டும். இதில் தவறு நேர்ந்தால் ஒரு முனையமே காலி செய்யப்படலாம். ஆயுதம் ஏந்திய அதிகாரி உண்மை என்று நம்பிச் செயல்படலாம்.

முடிந்ததும் அந்த ஸ்கிரீனரோடு அன்றே, தனியாக, மரியாதையாகப் பேசுங்கள். பிடித்தவரைப் பாராட்டுங்கள். தவறவிட்டவரிடம் படத்தைத் திரும்பக் காட்டி, 'இது உங்களுக்கு எப்படித் தெரிந்தது?' என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலுக்குள்தான் காரணம் இருக்கும்.

அறிக்கையில் ஒரு குறையை எப்படி எழுத வேண்டும்?

இந்தத் தொழிலின் உயிர் இங்கேதான். மோசமான உதாரணம்: 'ஊழியர்கள் கவனக்குறைவாக இருந்தனர்.' இது தீர்ப்பு, குறை அன்று. யார், எங்கே, எத்தனை முறை, எந்த விதிக்கு எதிராக என்று எதுவுமே இல்லை. படிக்கும் மேலாளர் செய்யக்கூடியது ஒரு கண்டிப்புக் கடிதம் அனுப்புவது மட்டும்.

அதையே இப்படி எழுதலாம்: 'இரவு 22:10 முதல் 22:50 வரை இரண்டாம் வரிசையில் 40 கைப்பைகள் கவனிக்கப்பட்டன. திறந்து பார்க்கும்படி ஒதுக்கப்பட்டவை 6. அவற்றில் 2, கையால் பார்த்தபின் மீண்டும் எக்ஸ்ரேக்கு அனுப்பப்படாமல் பயணியிடம் கொடுக்கப்பட்டன. எஸ்ஓபி பிரிவு 4.3 மறு எக்ஸ்ரேயைக் கோருகிறது. மறு எக்ஸ்ரேக்குச் செல்லும் வழியைக் காலி டிரே அடுக்குகள் மறைத்திருந்தன. ரோஸ்டர்படி ஐவர் இருக்க வேண்டிய வரிசையில் நால்வர் இருந்தனர். டிரே எடுக்கும் ஆள் இல்லை.'

இப்போது காரணம் தானே எழுந்து நிற்கிறது. ஸ்கிரீனரைத் திட்டி என்ன பயன்? டிரே எடுக்க ஆள் போட வேண்டும். ஒரு குறிப்பு தனி மனிதனின் பெயரில் போய் முடிந்தால், தணிக்கையாளர் இரண்டு கேள்வி முன்னதாகவே நிறுத்திவிட்டார் என்று பொருள். வேண்டுமென்றே விதியை மீறியவர் வேறு. அது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியது. மற்ற எல்லாவற்றிலும் 'ஏன்' என்பதை இன்னொரு முறை கேளுங்கள்.

நிறுவனம் அனுப்பும் திருத்த நடவடிக்கைத் திட்டத்தையும் இதே கண்ணோடு படிக்க வேண்டும். 'ஊழியர்களுக்கு மறுபயிற்சி அளிக்கப்பட்டது' என்பது எல்லாக் குறைக்கும் எழுதப்படும் பதில். டிரே வழியை மறைத்ததற்கு மறுபயிற்சி எப்படி மருந்தாகும்? திருப்பி அனுப்புங்கள். யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள், எதைக் காட்டி நிரூபிப்பார்கள் என்று மூன்றும் இல்லாமல் எதையும் முடித்து வைக்காதீர்கள். முடிந்தது என்று சொன்ன பிறகு, சொல்லாமல் ஓர் இரவு போய்ப் பாருங்கள்.

தளத்தில் தமிழ் பேசலாமா?

ஸ்கிரீனர்களில் தமிழ் பேசுபவர்கள் நிறைய. பதற்றத்தில் இருப்பவர் தாய்மொழியில் தெளிவாகச் சொல்வார் என்றால் தமிழிலேயே கேளுங்கள். ஆனால் குறிப்பை அங்கேயே ஆங்கிலத்தில் எழுதி, வாசித்துக் காட்டி, 'நீங்கள் சொன்னது இதுதானே?' என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மொழிபெயர்ப்பில் 'செய்வோம்' என்பது 'செய்தோம்' ஆகிவிட்டால் அறிக்கையே தப்பாகிவிடும். பக்கத்தில் நிற்கும் மலாய், சீன ஊழியர்களுக்கு நீங்கள் தனியாக ஏதோ பேசிக்கொள்வதாகத் தோன்றக் கூடாது. என்ன பேசினோம் என்பதை மேற்பார்வையாளரிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிடுங்கள்.

'அண்ணே, இதை மட்டும் விட்டுடுங்க' என்று கேட்பவரும் இருப்பார். முகத்தில் அடித்தாற்போலப் பேச வேண்டாம். 'பார்த்ததை எழுதாமல் இருக்க முடியாது தம்பி, ஆனா ஏன் அப்படி ஆச்சுன்னு சொல்லு, அதையும் எழுதுறேன்' என்றால் அவருக்கும் நியாயம் கிடைக்கும்.

முன்பு நான் வேலை பார்த்த குழுவையே தணிக்கை செய்யச் சொன்னால்?

மறுத்துவிடுங்கள், எழுத்தில். வேலையைச் செய்பவரும் அதன் தரத்தைப் பார்ப்பவரும் வேறாக இருக்க வேண்டும் என்பது இணைப்பு 17இன் அடிப்படைகளில் ஒன்று. நெருங்கிய உறவினர் மேற்பார்வையாளராக இருக்கும் இடத்துக்கும் இதே விதிதான். சிறிய ஊர், எல்லோரும் தெரிந்தவர்கள் என்பதால் சிங்கப்பூரில் இந்தக் கேள்வி சீக்கிரமே வரும்.

என் வேலையைப் பற்றி வெளியே எவ்வளவு சொல்லலாம்?

பதவிப் பெயரும் நிறுவனமும் போதும். தேசியத் திட்டம், சோதனை முடிவுகள், எந்த இடத்தில் எந்தக் குறை என்பதெல்லாம் ரகசியம். அரசு ரகசியச் சட்டம் பாயக்கூடியவை. வேலை விண்ணப்பத்தில் 'இன்ன முனையத்தில் இத்தனை சதவீதம் தவறியதைக் கண்டுபிடித்தேன்' என்று எழுதுபவரை எந்த நல்ல நிறுவனமும் எடுக்காது. தணிக்கைக் குறிப்புகளை வாட்ஸாப்பில் அனுப்பாதீர்கள், சொந்தக் கைப்பேசியில் படம் எடுக்காதீர்கள்.

பையை முப்பரிமாணத்தில் காட்டும் சிடி ஸ்கேனர் எல்லாம் வந்துவிட்டதே, தணிக்கையாளர் தேவைப்படுவாரா?

முனையம் 4இல் மடிக்கணினியைப் பையிலிருந்து எடுக்க வேண்டியதில்லை, சிடி ஸ்கேனர் இருப்பதால். இயந்திரம் மாறும்போது பார்க்க வேண்டிய இடமும் மாறுகிறது. எந்த அளவுகோலில் எச்சரிக்கை ஒலிக்கிறது, அந்த அமைப்பை மாற்ற யாருக்கு அனுமதி, மாற்றியதற்குப் பதிவு இருக்கிறதா, எச்சரிக்கையை 'சரி' என்று தள்ளிவிடும் ஊழியர் எதை வைத்து முடிவெடுக்கிறார் என்பவை புதிய கேள்விகள். முனையம் 5க்கு 2025 மே மாதம் அடிக்கல் நாட்டியாகிவிட்டது. 2030களின் நடுவில் திறக்கத் திட்டம். இணையப் பாதுகாப்பையும் கொஞ்சம் படித்து வைத்திருப்பவருக்கு அப்போது தனி மதிப்பு இருக்கும்.

உள்நாட்டுத் தரக்கட்டுப்பாட்டுக்கு இன்னொரு பலனும் உண்டு. 2018இல் ஐரோப்பிய ஒன்றியம், சிங்கப்பூரின் பாதுகாப்புத் தரம் தன்னுடையதற்கு ஈடானது என்று ஏற்றுக்கொண்டது. ஐரோப்பாவில் விமானம் மாறும் சிங்கப்பூர்ப் பயணி மறுசோதனைக்கு நிற்க வேண்டிய தேவை குறைவது அதனால்தான். அந்த நம்பிக்கையைத் தாங்கி நிற்பவை இரவுகளில் எழுதப்படும் இந்தக் குறிப்புகள்தான்.

முதல் தணிக்கைக்குப் போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும்?

செல்லுபடியாகும் அனுமதி அட்டை. காலாவதித் தேதியை முந்தின நாளே பாருங்கள். அனுமதிக் கடிதம். பக்க எண் போட்ட குறிப்பேடு, பேனா இரண்டு. உங்கள் கைக்கடிகாரத்தைத் தளத்தின் சிசிடிவி நேரத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். சரிபார்ப்புப் பட்டியலை எடுத்துப்போங்கள், ஆனால் முதல் அரை மணி நேரம் அதைத் திறக்க வேண்டாம். சும்மா நின்று வரிசை ஓடுவதைப் பாருங்கள். கேட்கும்போது 'செய்கிறீர்களா?' என்று கேட்காதீர்கள், 'செய்து காட்டுங்கள்' என்று கேளுங்கள். வசதியான காலணி போடுங்கள். ஷிஃப்ட் முழுவதும் நிற்க வேண்டியிருக்கும். கிளம்புவதற்கு முன் மேற்பார்வையாளரிடம் பார்த்ததையெல்லாம் வாய்மொழியாகச் சொல்லிவிடுங்கள். உடனே சரிசெய்ய வேண்டியது இருந்தால், அந்த விமானம் புறப்படுவதற்கு முன்பே சொல்லுங்கள்.